பவுரோ கண்ணால் பார்த்தது

அக்டோபர் 9, 1945

காலையில் துணி துவைத்தேன். மத்தியானம் வேகவைத்த பூசணிக்காய். சண்டை முடிந்துவிட்டது என்கிறார்கள், இந்தக் காய் மட்டும் முடிகிற வழியாக இல்லை. ஜப்பான்காரர்கள் எங்கள் ஊரையே கப்பலேற்றி இந்த அந்நியத் தீவில் கூலிவேலைக்கு இறக்கிய நாளிலிருந்து இதையேதான் தின்கிறோம்.

பவுரோவை வெள்ளைக்கார அதிகாரிகள் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள். கம்பெனிக் கப்பல் எங்கள் தீவுக்குப் போகிறது, என்ன மிச்சம் இருக்கிறது என்று பார்க்க. சண்டைக்கு முன்பிருந்தே எங்கள் தீவில் பாறை வெட்டும் கம்பெனிக்கு அவர்தான் துபாஷி.

“வீட்டையும் தரியாவையும் பாத்துட்டு வாங்க” என்றேன். தலையாட்டினார்.

தரியா எங்கள் ஒரே மகள். ஐந்து வயதில் காய்ச்சலில் போய்விட்டாள். வீட்டுக்குக் கிழக்கே புன்னை மரத்தடியில் இருக்கிறாள். சுற்றிலும் வெள்ளைக்கல் அடுக்கியது நான்தான்.

அக்டோபர் 21

வந்துவிட்டார். வீடு என்று ஆரம்பித்தேன். “ஒண்ணும் கேக்காதே” என்றார். மீன் சுட்டு வைத்தேன், தொடவில்லை. பாவம், எதையெல்லாம் பார்த்துவிட்டு வந்தாரோ.

நவம்பர் 3

கூட்டம். அதிகாரி ஏதோ பிரசங்கம் செய்வதுபோல நெடுநேரம் பேசினார். மிஷன் பள்ளியில் பாடம் சொன்னவள் நான், எனக்கும் அந்தப் பாஷை தெரியும். பவுரோ அதை எங்கள் பாஷையில் சொன்னார், ஒரு வார்த்தைகூட மாற்றவில்லை. தீவில் ஒரு வீடு நிற்கவில்லை, ஜப்பான்காரர்கள் தரைமட்டமாக்கிவிட்டார்கள், குடிக்கத் தண்ணீர் இல்லை. பிஜிப் பக்கம் எங்களுக்கென்று ஒரு தீவு வாங்கியிருக்கிறார்கள். இரண்டு வருஷம் அங்கே இருந்து பார்க்கலாம், பிடிக்காவிட்டால் திரும்பலாம்.

எங்கள் ஆட்கள் அதிகாரியைப் பார்க்கவில்லை, பவுரோவைத்தான் பார்த்தார்கள். எரேத்தி எழுந்தாள். என்னோடு ஒன்றாக வளர்ந்தவள், யாருக்கும் பயப்படமாட்டாள்.

“அவரு சொன்னதெல்லாம் இருக்கட்டும் அண்ணே. நீங்க என்ன பாத்தீங்க?”

“நானே கண்ணால பாத்தேன். ஒண்ணும் இல்ல.”

அதற்குமேல் என்ன இருக்கிறது? எல்லாரும் சரி என்றார்கள். நானும்தான்.

திரும்பி வரும்போது கேட்டேன், புன்னை மரமாவது? இல்லை என்றார். என் கையைப் பிடித்துக்கொண்டார். அழுதேன்.

டிசம்பர் 19

வந்து சேர்ந்தோம். மழை. இவ்வளவு குளிரும் மண்ணை எங்கள் ஜனங்கள் மிதித்ததே இல்லை. ராணுவக் கூடாரங்களை வரிசையாக அடித்து வைத்திருக்கிறார்கள், பாதி ஒழுகுகிறது. துபாஷி என்பதால் எங்களுக்கு மட்டும் பலகை வீடு. எரேத்தி அதைப் பார்த்துவிட்டுத் தன் கூடாரத்துக்குப் போனாள். எனக்குக் கூச்சமாக இருந்தது. ஆனாலும் உள்ளே போய்ப் படுத்தேன்.

ஜனவரி 14, 1946

மழை. எரேத்தியின் அப்பா போய்விட்டார். இந்த வாரத்தில் இது மூன்றாவது சாவு.

மார்ச் 30

பவுரோ டின்னில் அடைத்த ஆட்டிறைச்சி கொண்டுவந்தார். ஆஸ்திரேலியாவிலிருந்து. வெட்டிய பாறையைப் பொடியாக்கி அமிலம் ஊற்றி உரமாக்கும் வித்தையை எவனோ கண்டுபிடித்ததால்தானே நம்மைத் தேடி வந்தார்கள் என்று சொல்லிக்கொண்டே டின்னைத் திறந்தார். அந்த உரத்தில்தான் அவர்கள் புல் செழிக்கிறதாம், அந்தப் புல்லைத்தான் ஆடு மேய்கிறதாம். அப்படியானால் தட்டில் இருப்பது எங்கள் ஊர்த் தரைதானே. சொன்னேன். சிரித்தார். எனக்கு இறங்கவில்லை.

இப்போதெல்லாம் தூக்கத்தில் பேசுகிறார், இங்கிலீஷில். “எஸ் சார், எஸ் சார்.”

ஜூன் 11

எப்படி எழுதுவது?

எரேத்தியின் தம்பி பிரிபோ சரக்குக் கப்பலில் வந்தான். ஜப்பான்காரர்கள் அவனை வேறெங்கோ வேலைக்குக் கொண்டுபோயிருந்தார்கள். சண்டை முடிந்ததும் கம்பெனி அவனை அங்கிருந்தே நேராக எங்கள் தீவுக்குக் கொண்டுபோய்விட்டது. துப்புரவு வேலை. அவன் அங்கே இருந்ததே எங்களுக்குத் தெரியாது. கூடாரத்தில் உட்கார்ந்து கஞ்சி குடித்தான். நான் போனதும் எழுந்து நின்றான்.

“அக்கா, கோவிச்சுக்காதீங்க. உங்க வீட்ட நான்தான் பிரிச்சேன். மேஸ்திரி சொன்னான்.”

எதைப் பிரித்தாய் என்று கேட்டேன். வீடுதான் இடிந்துவிட்டதே.

“யாரு சொன்னா? கூரையில ரெண்டு தகரம் போயிருந்துச்சு, அவ்வளவுதான். நம்ம ஊர்ல பாதி வீடு நின்னுச்சுக்கா. பவுரோ அண்ணன் வந்தாரே, உங்க வாசல்ல உக்காந்து எங்கிட்ட தண்ணி வாங்கிக் குடிச்சாரே. நீங்க எல்லாரும் பிஜிக்குக் கெளம்பின சேதி வந்தப்புறம்தான் இடிக்கச் சொன்னாங்க.”

எரேத்தி கரண்டியைக் கீழே வைத்தாள்.

புன்னை மரம்?

“இருந்துச்சு. பாப்பாவச் சுத்தி ஒரு கல்லுகூட நகரல.” தலையைக் குனிந்துகொண்டான். “இப்ப அந்தப் பக்கம் மெஷின் வந்துடுச்சுக்கா.”

அவன் சொன்னது பொய்யாக இருக்கக்கூடாதா கடவுளே.

ஜூன் 12

கேட்டேன். மறுப்பார் என்று நினைத்தேன். மறுத்திருந்தால் ஒருவேளை நம்பியிருப்பேன்.

மறுக்கவில்லை. வீடுகள் நிற்பதாகச் சொன்னால் ஒருவரும் கப்பலேறமாட்டார்கள் என்று அதிகாரிகள் சொன்னார்களாம். ஏறாவிட்டாலும் கம்பெனி வெட்டத்தான் போகிறது. நம்மைச் சுற்றி வெட்டும், பிறகு நமக்கு அடியில் வெட்டும். அதற்கு இதுவே மேல் என்று தோன்றியதாம். நிதானமாகப் பேசினார், பள்ளிப் பிள்ளைக்கு விளக்குவதுபோல.

“நான் சொன்னது பொய்யில்ல தெராக்கா. கொஞ்சம் முன்னாடியே சொல்லிட்டேன், அவ்வளவுதான்.”

“நீ அவ பக்கத்துல நின்ன. நின்னு பாத்துட்டு வந்து எங்கிட்ட இல்லைன்ன.”

“உன்னால தாங்க முடியாதுன்னு —”

“அவ இருக்கான்னு தெரிஞ்சிருந்தா நான் போய் அவ மேல படுத்திருப்பேன். வெட்டட்டும்னு. அது உனக்குத் தெரியும். அதனாலதான் சொல்லல.”

என் கையைப் பிடித்துக்கொண்டாரே அன்றைக்கு. அது என்ன? அதுவும் யாரோ சொல்லிக் கொடுத்ததா?

ஜூன் 13

பாயைச் சுருட்டிக்கொண்டு எரேத்தியின் கூடாரத்துக்கு வந்துவிட்டேன். ஒழுகுகிறது. எரேத்தி நகர்ந்து இடம் விட்டாள். மன்னிப்புக் கேட்கப் போனேன். “படு” என்றாள்.

மே 6, 1947

இரண்டு வருஷம் முடியுமுன்பே, தங்குவதா திரும்புவதா என்று முடிவெடுக்கும் கூட்டம். பவுரோ வழக்கம்போல அதிகாரிக்குப் பக்கத்தில். அவர் வாய் திறக்குமுன் நான் எழுந்தேன். பிரிபோ சொன்னதையும் என் வீட்டில் நடந்த பேச்சையும் எங்கள் பாஷையில் சொன்னேன், பிறகு இங்கிலீஷில். அதிகாரியின் முகம் சிவந்தது. பவுரோ அசையாமல் நின்றார்.

எரேத்தி அவரிடம் போனாள். அடிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். “எங்க அப்பா உன்னை நம்பித்தான் கப்பல் ஏறினாரு” என்று மட்டும் சொன்னாள்.

இவ்வளவுக்குப் பிறகும் தங்குவதென்றே முடிவாயிற்று. திரும்பிப் போய் எங்கே நிற்பது? இங்கே மரவள்ளி முளைத்துவிட்டது, குழந்தைகள் பிறந்துவிட்டன, செத்தவர்களும் இங்கேதான் கிடக்கிறார்கள். நானும் தங்கவே கை தூக்கினேன். பவுரோ நினைத்ததே நடந்தது.

இனி கூட்டத்தில் தெராக்காவே துபாஷியாகப் பேசட்டும் என்றார்கள்.

பிப்ரவரி 17, 1948

புது அதிகாரி வந்திருந்தார். பின்வரிசையிலிருந்து பவுரோ எழுந்தார். நன்றாக இங்கிலீஷ் தெரிந்தவர் எங்கள் பாஷையில் கேட்டார், என் வழியாக. தீவில் புதைத்தவர்களின் எலும்பை எடுத்துவர எப்போது அனுப்புவீர்கள்?

சொன்னேன். அதிகாரி பக்கத்து வெள்ளைக்காரரிடம் குனிந்து ஏதோ முணுமுணுத்தார், பிறகு என்னைப் பார்த்து, வருஷக் கடைசியில் என்றார்.

எங்கள் ஜனங்கள் பக்கம் திரும்பினேன்.

“வருஷக் கடைசியிலன்னு உங்களுக்குச் சொல்லச் சொன்னாரு. அதுக்கு முன்னாடி அவங்களுக்குள்ள பேசினது, அங்க எடுக்க என்ன இருக்கு, நாள் போனா மறந்துடுவாங்கன்னு.”

இவ்வளவு நீளமாக என்ன சொன்னாய் என்று அதிகாரி கேட்டார். நீங்கள் சொன்னதைத்தான் என்றேன். அவருக்குப் புரிந்தது.

பிப்ரவரி 24

இனி என்னைக் கூப்பிடமாட்டார்களாம். வெளியூரிலிருந்து ஆள் கொண்டுவரப் போகிறார்கள். வரட்டும். எரேத்தியும் இன்னும் சில பெண்களும் சாயங்காலம் என்னிடம் இங்கிலீஷ் படிக்கிறார்கள். இன்னும் ஒரே வருஷத்தில், அதிகாரி என்ன முணுமுணுத்தாலும் முன்வரிசை முழுவதற்கும் புரியும்.

இன்று பவுரோ வந்தார். தானே அறுத்து இழைத்த பெஞ்சு ஒன்றை வாசலில் இறக்கினார். பெண்கள் தரையில் உட்கார்ந்து எழுதுவதைப் பார்த்தாராம்.

பெஞ்சை வாங்கிக்கொண்டேன். உள்ளே வாங்க என்று சொல்லவில்லை.