கிருபைக்கு டோக்கன் போட்டவள்

தூக்குவாளி இன்னும் கட்டிலுக்குப் பக்கத்து ஸ்டூல்மேல்தான் இருக்கிறது. அசனக் குழம்பு காலி. கத்தரிக்காயும் கறியும் ஒன்றாய் வெந்த அந்த வாசனை மட்டும் அறையை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. உனக்குத்தான் எழுதுகிறேன், கோபமாகத்தான் எழுதுகிறேன். செத்துப்போனவளிடம் என்ன கோபம் என்று யாராவது கேட்டால், உயிரோடு இருக்கையில் அவள் என்னைப் படுத்திய பாடு உங்களுக்குத் தெரியாது என்பேன்.

வருஷத்துக்கு ஒருமுறை சபை மொத்தமும் கூடிச் சமைத்து, வருகிறவர்களையெல்லாம் உட்காரவைத்துச் சோறு போடுகிற அந்த அசன நாளில் நீ செய்த வேலை என்ன? சொல்லு பார்ப்போம். விடிவதற்குள் மாட்டுத்தாவணிக்குப் போய் சர்ச் ஆல்டருக்குப் பூ வாங்கி வருவது நான். அரிவாள்மணையோடு உட்கார்ந்து மூட்டை மூட்டையாய்க் கத்தரிக்காய் வெட்டுவது நான். புகையில் கண் எரிய சோறு வடிப்பது நான். நீ தலைக்குக் குளித்து, கஞ்சி போட்ட சேலை கட்டி, வேதபுத்தகத்தை அணைத்துக்கொண்டு வருவாய். வந்ததும் முதல் பந்தியில், தூணோரமாக, இலைக்கு முன்னால் உட்கார்ந்துவிடுவாய்.

"ஏண்டி, ஒரு வெங்காயமாச்சும் உரிச்சியா?" என்பேன்.

"இரட்சிப்பு இனாம்டி. சோறு மட்டும் கூலிக்கா?" என்பாய்.

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "இனாமா வாங்கிட்டு சும்மா உக்காந்திருந்தா அதுக்குப் பேரு விசுவாசமா? சோம்பேறித்தனம்டி!" உடனே நீ 'கிருபையினாலே இரட்சிப்பு' என்கிற வசனத்தைப் புரட்டுவாய், நான் 'கிரியையில்லாத விசுவாசம் செத்தது' என்கிற வசனத்தைப் புரட்டுவேன். ஒரே புத்தகத்தில் இரண்டு பேருக்கும் ஆள் இருந்ததுதான் தொல்லை. பக்கத்துப் பக்கத்து வீட்டில் குடியிருந்துகொண்டு, காம்பவுண்டுச் சுவருக்கு இருபுறமும் துணி காயப்போட்டபடியே எத்தனை வருஷம் இந்தச் சண்டையைப் போட்டிருப்போம்!

அந்த டோக்கன் வருஷத்தை என் கட்டை மண்ணுக்குள் போகும்வரை மறக்கமாட்டேன். அதற்கு முந்தின வருஷம் வேலை செய்த பெண்களுக்கே சோறு இல்லாமல் போனதால், கமிட்டியில் பேசி டோக்கன் கொண்டுவந்தேன். சபைக் குடும்பங்களுக்கு முதலில், மிச்சமிருந்தால் மற்றவர்களுக்கு. இதில் என்ன அநியாயம்? போதகர் ஐயாவே சரி என்றார். விநியோகிக்க நம்பிக்கையான ஆள் வேண்டுமென்று உன்னை வாசலில் நிறுத்தினேன் பார், என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்!

குழம்பைக் கிண்டிவிட்டு எட்டிப் பார்க்கிறேன். பேரையூர் பஸ் சர்ச் வாசலில் நிற்கிறது. நீ டோக்கனைக் கத்தையாய்க் கையில் வைத்துக்கொண்டு, "இறங்குங்கண்ணே, ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போங்க" என்று கண்டக்டரைக் கூப்பிடுகிறாய். பஸ்ஸே இறங்கி வருகிறது. ரோட்டோரம் ஆடு மேய்த்தவர், பஞ்சர் ஒட்டியவர், நாம் யாரென்றே தெரியாத ஒரு கல்யாணக் கோஷ்டி, எல்லார் கையிலும் டோக்கன்.

"அடி பாவி, இது நம்ம சபைக்குடி!"

"கிருபைக்கு டோக்கன் போட்டவ இந்த மதுரைச் சீமையில நீ ஒருத்திதான்டி."

"கிருபை வந்து சோறு வடிக்காது. நான்தான் வடிக்கணும்!"

"அதத்தான நானும் சொல்றேன். அவரு கூப்பிடுவாரு, நீ வடி."

அன்றைக்கும் சோறு பற்றவில்லை. கடைசியில் வேலை செய்த பெண்களுக்கெல்லாம் ரவை உப்புமா கிண்டினேன். பஸ்ஸில் வந்தவர்களோடு முதல் பந்தியில் உட்கார்ந்து வயிறு முட்டத் தின்ற நீ, "எனக்கும் இம்புட்டு வைடி" என்று தட்டை நீட்டினாயே, அந்தத் தைரியம் யாருக்கு வரும்? வைத்தேன். வைக்காமல் என்ன செய்வேன்?

அப்புறம் நீ கைகால் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு படுக்கையில் விழுந்தாய். உன் மகன் துபாயில். காலையும் மாலையும் சுவரைச் சுற்றி வந்து உன்னைத் துடைத்து, துணி மாற்றி, கஞ்சி ஊட்டினேன். என் இடத்தில் வேறொருத்தி இருந்தால் ஒரு வார்த்தை எதிர்பார்க்கமாட்டாளா? நீயோ ஒவ்வொரு வாய்க்கும் குழறிய நாக்கோடு "ஸ்தோத்திரம் ஆண்டவரே" என்றாய்.

ஒருநாள் பொறுக்கமுடியாமல் கேட்டேவிட்டேன். "ஊட்டுறது நானு, ஸ்தோத்திரம் அவருக்கா?"

"உன்ன அனுப்புனது யாருடி?"

உனக்கு வெட்கமே இல்லை. நானாயிருந்தால் இப்படி ஒருத்தி கையை எதிர்பார்த்துக் கிடப்பதற்கு நாண்டுகொண்டு செத்திருப்பேன் என்றேன். அதற்கு நீ சொன்னது இன்றைக்கும் என் காதைக் குடைகிறது. "குடுக்க மட்டும்தான் தெரியும், வாங்கத் தெரியாதுன்னா, நீ என்ன ஆண்டவராடி?" பதில் யோசித்துக்கொண்டிருந்தேன். யோசித்து முடிப்பதற்குள் நீ போய்விட்டாய். கடைசி வார்த்தை எப்போதும் உன்னுடையதாகவே இருக்கவேண்டும், இல்லையா?

இப்போது என் நிலைமையைக் கேள். போன மாதம் பாத்ரூமில் வழுக்கி இடுப்பு எலும்பு முறிந்தது. ஆபரேஷன் முடிந்து கட்டிலில் கிடக்கிறேன். எல்லாம் மருமகள் கைதான். அலங்காநல்லூர்ப் பிள்ளை, என் மகன் விரும்பிக் கட்டியது, இன்னும் ஞானஸ்நானம் எடுக்கவில்லை. அவள் மேஜையில் முருகன் படமும் என் ஜெபப் புத்தகமும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. அவளை உன் கிருபையில் சேர்ப்பதா, என் கிரியையில் சேர்ப்பதா, எனக்குத் தெரியவில்லை. முகம் சுளிக்காமல் பெட்பேன் எடுக்கிறாள். நான்தான் "விடு, நானே பாத்துக்கிறேன்" என்று அவள்மேல் எரிந்து விழுகிறேன்.

உன்னிடம் மட்டும் சொல்கிறேன், எனக்குப் பயமாக இருக்கிறது. நாளைக்கே ஆண்டவர் முன்னால் போய் நின்றால் எதைக் காட்டுவேன்? வெட்டிய கத்தரிக்காயைக் காட்டலாம். அது போதும் என்று யார் சொல்வது? ஓடியாடித் திரிந்தவரை இதைக் கேட்க நேரமே இருக்கவில்லை. இப்போது நேரத்தைத் தவிர என்னிடம் ஒன்றுமில்லை.

இன்று அசனம். படுத்த படுக்கையிலும் மனசு கேட்காமல், "போய் என் இடத்துல உக்காந்து கத்தரிக்கா வெட்டு" என்று காலையிலேயே அவளை விரட்டினேன். மதியம் வேர்த்து விறுவிறுத்து, இந்தத் தூக்குவாளியோடு வந்து நின்றாள்.

"அத்தே, திட்டக்கூடாது. கத்தரிக்கா வெட்டுனேன். அப்புறம் வாசல்ல டோக்கன் பாக்கச் சொன்னாக. வெயில்ல நிக்கிறவுகளப் பாத்துட்டு டோக்கன் எங்கன்னு கேக்க வாய் வரல. எல்லாரையும் உள்ள விட்டுட்டேன்."

எனக்குத் தலை சுற்றியது. இவளை நீ எப்போது உன் கட்சியில் சேர்த்தாய்? "சோறு பத்துச்சா?" என்று கத்தினேன்.

"பத்தல."

"அப்ப இது?"

"எனக்குன்னு போதகர் வீட்டு ஐயரம்மா எடுத்து வச்சது. நான் பஸ்ஸுல ரெண்டு பிஸ்கட்டு தின்னுட்டேன். நீங்க சாப்பிடுங்க."

எனக்கு வேண்டாம், நீயே சாப்பிடு என்று சொல்ல வாயெடுத்தேன். பாதிப் பாதி என்றாவது பேரம் பேசியிருப்பேன். ஒரு வெங்காயம்கூட உரிக்காமல் நான் எப்படி அசனச் சோறு தின்பது, அதுவும் பசியோடு நிற்கிறவளின் பங்கை? ஆனால் அவள் முகத்தைப் பார்த்தேன். நான் வேண்டாமென்றால் அவள் அழுதிருப்பாள். உன் குரலும் கேட்டது. நீ என்ன ஆண்டவராடி?

சாப்பிட்டேன். கண்ணீர் குழம்பில் விழுந்தது, அதையும் சேர்த்துச் சாப்பிட்டேன். முடிந்ததும் என்னையறியாமல் "ஸ்தோத்திரம் ஆண்டவரே" என்று வந்துவிட்டது.

"நல்லாருக்கே அத்தே! வெயில்ல தூக்கிட்டு வந்தது நானு, ஸ்தோத்திரம் அவருக்கா?"

ஆகா, மாட்டினாள் என்று நினைத்து உன் பதிலை எடுத்து வீசினேன். "உன்ன அனுப்புனது யாருடி?"

"நீங்கதான அத்தே, காலைல வெரட்டி விட்டீக!"

தையல் பிரிந்துவிடும் என்று அவள் பதறுமளவுக்குச் சிரித்தேன். நீ இருந்திருக்க வேண்டும். உனக்கே பதில் கிடைத்திருக்காது.

அதனால் நான் தோற்றுவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. அடுத்த அசனத்துக்குள் எழுந்து நடந்தால் கத்தரிக்காய் வெட்டத்தான் போகிறேன். டோக்கனும் இருக்கும், அரிசி வானத்திலிருந்து கொட்டுவதில்லை. ஆனால் வெட்டி முடித்துக் கையைக் கழுவிக்கொண்டு, முதல் பந்தியில், நீ உட்காரும் அந்தத் தூணோரத்தில் போய் உட்காரப்போகிறேன். என்னிடம் டோக்கன் இருக்காது. எவள் கேட்கிறாள் என்று பார்க்கிறேன்.