நான் எழுதிக் கேட்ட இடைக்காலப் போதகர்

ஐயா,

இன்று ஸ்ட்ரெதமில் எங்கள் தேவாலயத்தின் பின்னறைக் கதவைத் திறந்ததும், காஸ் ஹீட்டரருகே காயும் ஈரக் கோட்டுகளின் வாடை வந்தது. நீங்கள் கூட்டம் நடத்திய அந்த மாலைகளின் அதே வாடை.

எண்பதுகளின் கடைசி. எங்கள் போதகர் ஓய்வுபெற்றுப் போனார். அடுத்தவரைச் சபை தெரிவுசெய்யும்வரை, சபைகளை மேற்பார்க்கும் வட்டார மன்றம் ஓர் இடைக்காலப் போதகரை நியமிக்க வேண்டும். சபை மூப்பர்களின் செயலாளரான நான், உங்களைக்கூடக் கேட்காமல் உங்கள் பெயரை எழுதி அனுப்பினேன். யாழ்ப்பாணத்தில் பெரிய சபையை நடத்திய நீங்கள், இந்த நாட்டுக்கு வந்து, நகரின் மறுகோடியில் செவன் கிங்ஸில் ஒற்றை அறையில் மனைவி, இரண்டு மகள்மாரோடு இருந்தீர்கள். இங்கே வந்து பழகினால் சபையே உங்களை வைத்துக்கொள்ளும் என்று நினைத்தேன்.

பழகினீர்கள். இரண்டு வருடத்தில் வெள்ளைக்கார முதியவர்களும் உங்களையே கேட்டார்கள். நிரந்தரப் போதகருக்கென்றே பூட்டிக் கிடந்த போதகர் வீட்டின் திறப்பும் உங்களிடம்தான். பனிக்காலத்தில் குழாய் உறைந்ததா என்று பார்த்துவிட்டு, வீட்டைத் திரும்பப் பூட்டி, ரயிலேறி உங்கள் அறைக்குப் போவீர்கள்.

அடுத்த போதகரைத் தேடும் தெரிவுக் குழுவில் உங்கள் பெயரை நான் சொன்னதும் திருச்சபைச் சட்டப் புத்தகத்தை விரித்தீர்கள்.

"இடைக்காலமாய் இருக்கிறவரை அந்தச் சபைக்குத் தெரிவுசெய்ய ஏலாது, தம்பி."

"அப்ப விலகுங்கோ ஐயா."

"விலகினாலும் இந்த முறை ஏலாது."

மன்றத்துக்கு மூன்று முறை எழுதினேன். ஒரே பதில். உங்களை உள்ளே கொண்டுவந்த என் கடிதமே கதவை அடைத்துவிட்டது.

பிறகு குழு தெரிவுசெய்த ஒருவர் வந்து பிரசங்கித்தார். வாக்கெடுப்பை நீங்களே நடத்தினீர்கள். சீட்டில் அவர் பெயர் மட்டும். வேண்டும், வேண்டாம் என்று இரண்டு கட்டங்கள். வேண்டாமென்றால் இன்னும் எத்தனை காலம் அந்த வெறும் வீட்டுக்கு நீங்கள் வந்துபோக வேண்டுமோ! வேண்டும் என்றே கீறினேன். அவர் தெரிவானதை அறிவித்தபோது உங்கள் குரல் தளரவில்லை.

ஸ்டேஷன்வரை உங்களோடு நடந்தேன்.

"இந்தச் சட்டம் முதலே தெரியுமோ ஐயா?"

"ஓம்."

"பிறகேன் ஒத்துக்கொண்டனீங்கள்?"

"வேற ஒருத்தரும் வர இல்லை. மன்றம் கேட்டதுக்கு அடுத்த நாள் உங்கட சபையில ஒரு செத்தவீடு இருந்தது."

வேறு சபை உங்களுக்குக் கடைசிவரை அமையவில்லை. உங்கள் இறுதிச் சடங்கில், நான் அக்கா என்று கூப்பிடும் உங்கள் மனைவி மெல்லச் சொன்னா: "அந்தப் போதகர் வீட்டில பிள்ளையளுக்கு எந்த அறை எண்டுகூட யோசிச்சு வைச்சிருந்தவர், தம்பி."

நடக்காதென்று தெரிந்தே யோசித்திருக்கிறீர்கள். பெயரை எழுதமுன் உங்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அந்த நினைப்பைவிட்டு என்னால் இன்னும் வெளியே வர முடியவில்லை, ஐயா.