அப்பா ஏற வேண்டிய ஏணி

பேரன்புக்கும் அதைவிடப் பெரிய பயத்துக்கும் உரிய அக்காவுக்கு,

இதனால் சகலமானவருக்கும் அறிவிப்பது என்னவென்றால், நம் வீட்டுக் கொடியில் காய்ந்த தலையணை உறை, வரலாற்றில் முதன்முறையாக, வெள்ளையாகவே வீட்டுக்குள் வந்தது. ஒரு பொட்டுக் கரி இல்லை. அம்மா அதைக் கையில் வைத்துக்கொண்டு மூக்கைச் சிந்துகிறாள். அனல்மின் நிலையத்தை நிறுத்திவிட்டார்கள். புகைபோக்கி சும்மா நிற்கிறது, நம் அப்பாவைப் போலவே.

நீ வேலை பார்க்கிற அதே காற்றாலைக் கம்பெனி, பாய்லர் ஆட்களை எடுத்துக்கொள்கிறதாம். ஆனால் அடுத்த திங்கட்கிழமை கோபுரத்தின் உள் ஏணியில் உச்சிவரை ஏறிக் காட்ட வேண்டும். ஏறினால் வேலை. ஏறாவிட்டால் இந்தக் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டியதுதான். அப்பா பாய்லர் நெருப்போடு மல்லுக்கட்டியவர், சரி. நாற்காலியில் ஏறி பல்பு மாற்றுவது அம்மாதான் என்பது உனக்குத் தெரியாததா? "ஏறினா தலை சுத்துது, ஏறலேன்னா குடும்பமே சுத்தும்" என்கிறார். சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் நானும் அம்மாவும் தட்டைப் பார்த்தோம்.

கவலைப்படாதே. பயிற்சிப் பொறுப்பை நானே ஏற்றுக்கொண்டேன். நேற்று மாலை தண்ணீர்த் தொட்டி ஏணிக்கு அவரைத் தள்ளிக்கொண்டு போனேன். "கீழ பாக்காதீங்க, என்னை மட்டும் பாருங்க" என்று கட்டளையிட்டேன். உச்சிவரை ஏற்றிவிட்டேன். உன் தம்பி கொம்பன்!

சரி, உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது? செய்து காட்டுகிறேன் என்று முதலில் ஏறியது நான். உச்சியில் காற்று சட்டைக்குள் புகுந்ததும் கீழே பார்த்துத் தொலைத்தேன். கை கம்பியை விடவே இல்லை. "அப்பா!" என்று நான் போட்ட கூச்சல் உனக்கே கேட்டிருக்கும். அவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் ஏறி வந்தார். "நான் இருக்கேன்டா, காலை மட்டும் இறக்கு" என்று சொல்லிச் சொல்லி, தன் நெஞ்சுக்கும் ஏணிக்கும் நடுவில் வைத்து என்னை இறக்கினார்.

"பாத்தீங்களா, ஏறிட்டீங்க!" என்றேன். தரையில் உட்கார்ந்தவர், "மேல நீ இருந்தே, ஏறினேன். திங்கக்கிழமை மேல யாருடா இருப்பா?" என்றார்.

நீ அந்த வேலைக்குப் போனபோது, "எங்க அடுப்பை அணைக்கவா போறே?" என்று கேட்டார். அன்றிலிருந்து உங்கள் இருவருக்கும் பேச்சில்லை. பேச வேண்டாம் அக்கா. திங்கட்கிழமை வந்து கோபுர உச்சியில் நின்றால் போதும்.

இப்படிக்கு,
வாலைச் சுருட்டிக்கொண்ட உன் வாலு