விதைக்க விடாத ஆத்தா

ஐப்பசி 9, ஞாயிறு

பட்டுக்குட்டி,

காலையில மழை விழுந்துச்சு. ஒன் சித்தப்பா மிளகா விதைக்கணும்னு வந்து நின்னாரு. வருசாவருசம் மொத விதை ஒன் கையாலதான் போடுவோம். நீ செத்து மூணு மாசம்கூட ஆகல, இப்ப அவரு மக செல்வி போடட்டுமாம். நான் விதைப் பையத் தரல.

பேச்ச மாத்த, கூட வந்த செல்வி போன்ல ஏதோ வெளையாட்டுக் கேள்வியப் பாத்துக் கேட்டா: "பெரியம்மா, கிரேக்கச் சாமியில நீங்க எதுவா இருப்பீங்க? இடிக்கு, கடலுக்கு, சாராயத்துக்குக்கூட சாமி இருக்கு."

"மகளப் பறிகொடுத்த சாமி இருக்கா?"

தேடிப் பாத்துச் சொன்னா. டிமீட்டர்னு வெள்ளாமைக்கு ஒரு ஆத்தா. அவ மகளப் பாதாளத்துக்காரன் தூக்கிட்டுப் போயிட்டான். மக வர்ற வரைக்கும் ஒரு புல்லக்கூட மொளைக்க விடலையாம் அவ.

"நான் அவதான்"னேன்.

"ஊரே பட்டினி கெடக்குமே மதினி"ன்னாரு ஒன் சித்தப்பா.

"கெடக்கட்டும்."

கோவிச்சுக்கிட்டுப் போயிட்டாரு. போகட்டும்.

அந்தக் கதையில, கடைசியில மத்த சாமியெல்லாம் பயந்துபோயி, வருசத்துல பாதி நாளைக்கு அந்த மகளத் திருப்பி அனுப்புனாகளாம். நான் பாதி கேக்கல. ஒரே ஒரு நாளு. நான் எத்தன வருசம் தரிசாப் போட்டா ஒன்ன அனுப்புவாக, தாயி?