பீரோவுக்குள் ஒரு மூக்கு

4 ஏப்ரல் 1989

அன்புள்ள அக்காவுக்கு,

உன் அவசரக்குடுக்கைத் தம்பி எழுதுவது. நான் நலம். நீயும் அத்தானும் நலம்தானே? போன கடிதத்துக்குப் பதில் போடவில்லை என்று திட்டியிருந்தாய். திட்டு வாங்கக்கூட நேரமில்லை அக்கா. கம்பெனி கொடிகட்டிப் பறக்கிறது. கப்பல் வரைகிறவர்கள், வானிலை பார்க்கிறவர்கள், பூமிக்கடியில் எண்ணெய் தேடுகிறவர்கள் எல்லாரும் எங்கள் ஒர்க் ஸ்டேஷன் கணினிக்கு வரிசையில் நிற்கிறார்கள். சாதாரண ஆபீஸ் கணினி ஒரு உருண்டையை வரைந்து முடிப்பதற்குள் எங்களுடையது ஒரு மண்டையோட்டையே சுழற்றிக் காட்டிவிடும். திருகாணி முதல் சில்லு வரை எல்லாம் சொந்தத் தயாரிப்பு. வெளியில் வாங்குவது எங்கள் முதலாளிக்குக் கௌரவக் குறைச்சல்.

உன் ஆஸ்பத்திரிக்கும் ஒன்று புறப்பட்டுவிட்டது. அதில் ஓடப்போகிற முக புரோகிராம் முழுக்க நான் எழுதியது. ஸ்கேன் எடுத்த முகத்தைத் திரையில் நிறுத்தும். நீ செயற்கை மூக்கையோ காதையோ அதில் பொருத்திப் பார்த்து, சரி என்றதும், கூடவே வரும் இயந்திரம் அதை மெழுகில் வெட்டிக் கொடுக்கும். அதை வைத்து நீ அச்செடுத்து சிலிகான் ஊற்ற வேண்டியதுதான். வேலை முடிந்ததும் அச்சை உடைத்துப் போடு. அலமாரி அலமாரியாக அடுக்கிக்கொண்டு இடத்தை அடைக்காதே. எல்லாம் மிஷினுக்குள் இருக்கும்.

இன்னொரு சந்தோஷச் செய்தி. புரோகிராமை யாராவது திருட்டு நகல் எடுத்துவிடுவார்களோ என்று மேலே பயந்தார்கள். நான் ஒரு பூட்டு சொன்னேன். ஒவ்வொரு மிஷினுக்குள்ளும் ஓர் எண் இருக்கும். அந்த எண்ணைப் பார்த்தால்தான் புரோகிராம் திறக்கும், அதில் சேமித்த வடிவங்களும் திறக்கும். வேறெங்கே கொண்டுபோனாலும் வெறும் குப்பை. முதலாளி எல்லார் முன்னாலும் என் முதுகில் தட்டினார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

உன் அவசரக்குடுக்கை

18 ஜூன் 1989

அன்புள்ள தம்பி,

உன் சீமந்த புத்திரன் வந்து சேர்ந்தான். வாசலில் நுழையமாட்டேன் என்று அடம்பிடித்ததால் கதவையும் நிலையையும் கழற்ற வேண்டியதாயிற்று. தச்சர் என்னை முறைத்தபடியே கழற்றினார். இங்கே யாரும் அதை ஒர்க் ஸ்டேஷன் என்று சொல்வதில்லை. பீரோ என்றுதான் பேர்.

முதல் ஆள் ஒரு பஸ் கண்டக்டர். மூக்கில் புற்று. மூக்கையே எடுத்துவிட வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். எடுப்பதற்கு முந்தைய வாரம் ஸ்கேன் எடுத்து அவருடைய சொந்த மூக்கைப் பீரோவில் ஏற்றிக்கொண்டேன். மூக்கும் முழியுமான மனிதர். நுனி மட்டும் இடது பக்கம் லேசாகக் கோணியிருக்கும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் பஸ் கதவில் இடித்துக்கொண்டதாம்.

நேற்று மாட்டிவிட்டோம். அவர் கண்ணாடியைக் கையில் வாங்கிப் பக்கவாட்டில் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டார். அவர் மனைவிதான் நுனியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்து, "இதே கோணல்தாங்க, இதே கோணல்தான்" என்று அழுதாள். சிலிகான் ஒன்றிரண்டு வருஷத்தில் வெளுத்துவிடும், ஓரம் கிழியும், திரும்பத் திரும்பச் செய்துகொள்ள வேண்டும் என்று விளக்கினேன். "அசல்தான் பீரோல பத்திரமா இருக்கே மேடம். ஊர்ல எல்லாருக்கும் ஒரு மூக்குதான். எனக்கு மட்டும் ஸ்டெப்னி இருக்கு" என்றார். உன்னை நேரில் பார்க்க வேண்டுமாம். அவருடைய பஸ்ஸில் நீ எப்போது ஏறினாலும் டிக்கெட் கிடையாது. என் தம்பி என்று சொல்லிக்கொள்ளப் பெருமையாக இருக்கிறது.

வேளைக்குச் சாப்பிட்டுவிட்டு வேலை பார்.

அக்கா

9 செப்டம்பர் 1997

அன்புள்ள தம்பி,

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். கோபித்துக்கொள்ளாமல் கடைசி வரை படி.

ஆஸ்பத்திரிக்குப் புது நிர்வாகி வந்திருக்கிறார். பீரோவைப் பார்த்ததும், "இது இன்னும் உயிரோட இருக்கா?" என்றார். கணக்குப் பிரிவில் ஒருவர் தன் மேஜைக் கணினியில் ஏதோ புதுக் கார்டு ஒன்றைச் செருகி மண்டையோடு ஒன்றைச் சுழற்றிக் காட்டினார். சண்டை விளையாட்டுகளுக்காக விற்கிற கார்டாம். தம்பி, அது பீரோவைவிட வேகமாகச் சுழன்றது. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். உன்னை யாரோ என் எதிரில் மட்டம்தட்டியது போல எனக்கு முகம் சுருங்கிவிட்டது.

உன் புரோகிராமை இந்தச் சின்னக் கணினியில் ஓடுகிற மாதிரி எழுத முடியுமா? அது பெரிய வேலை என்றால், கண்டக்டர் மூக்கை மட்டுமாவது பூட்டில்லாமல், எந்தக் கணினியும் திறக்கிற மாதிரி எடுத்துக் கொடு. ஸ்கேன் பிரிவில் பழைய டேப்புகளை அழித்துவிட்டார்கள். அந்த மனிதரின் மூக்கு இந்தப் பீரோவை விட்டால் உலகத்தில் வேறெங்கும் இல்லை.

உன் சிநேகிதன் சோடாபுட்டி வீட்டுக்கு வந்திருந்தான். அந்தக் கார்டு செய்கிற கம்பெனிக்கே போய்விட்டானாம். "அவனையும் வரச் சொல்லுங்கக்கா, அங்க கூரை ஒழுகுது" என்றான். எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது.

வேளைக்குச் சாப்பிட்டுவிட்டு வேலை பார்.

அக்கா

30 செப்டம்பர் 1997

அக்காவுக்கு,

சோடாபுட்டி பேச்சை என்னிடம் எடுக்காதே. ஒரே மேஜையில் சாப்பிட்டுவிட்டு, பொம்மைக் கார்டு விற்கப் போனவன். அந்தக் கார்டில் அரக்கன் சாவதைப் பார்க்கலாம். ஒரு மனுஷனின் மூக்கை மயிரிழை பிசகாமல் எடுக்க எங்கள் மிஷின்தான் வேண்டும். இன்னும் இரண்டு வருஷத்தில் எங்கள் புதுச் சில்லு வருகிறது. அப்போது உன் நிர்வாகி வாயைப் பிளந்துகொண்டு நிற்பார்.

கண்டக்டர் மூக்கை வெளியே எடுப்பது ஒரு மத்தியான வேலைதான். மறைக்கவில்லை. ஆனால் செய்யமாட்டேன். ஒரு மூக்குக்குத் திறந்தால் நாளை எல்லாரும் கேட்பார்கள். அப்புறம் எங்கள் மிஷினை எவன் வாங்குவான்? பூட்டைக் கொண்டுவந்தவனே சாவியைக் கொடுத்தால் முதலாளி முகத்தில் எப்படி முழிப்பேன்? பீரோ இருக்கிறது, நான் இருக்கிறேன், கம்பெனி இருக்கிறது. நீ எதற்குப் பயப்படுகிறாய்?

தம்பி

22 நவம்பர் 1999

அன்புள்ள அக்காவுக்கு,

பேப்பரில் பார்த்திருப்பாய். கம்பெனியை விற்றுவிட்டார்கள். புதுச் சில்லு வரவேயில்லை. வாங்கியவர்களுக்கு வேண்டியது எங்கள் பேரும் காப்புரிமைகளும்தான். நாங்கள் செய்த எதுவும் வேண்டாமாம். என் புரோகிராமின் மூல வரிகள் அவர்கள் பெட்டகத்தில் இருக்கின்றன. ஒரு பிரதி கேட்டேன். கையை விரித்துவிட்டார்கள்.

மாடி மாடியாகக் காற்றாடுகிறது. கப்பல் வரைந்து காட்டும் கண்ணாடி அறையில் இப்போது உடைந்த நாற்காலிகளை அடைத்திருக்கிறார்கள். பழுதுபார்க்கும் அறையில் இருந்த கருவிகளைப் பழைய இரும்புக்காரர் லாரியில் வாரிப் போட்டுக்கொண்டு போனார். முதலாளி கிளம்பும்போது நான் வாசலில்தான் நின்றிருந்தேன். காரில் ஏறிக் கண்ணாடியை ஏற்றிவிட்டார். என்னைப் பார்க்கவில்லையா, அடையாளம் தெரியவில்லையா என்று தெரியவில்லை. சோடாபுட்டிக்கு வெட்கத்தை விட்டு போன் செய்தேன். அங்கே இந்த வயதில் ஆள் எடுப்பதில்லையாம்.

பீரோவைப் பற்றிச் சொல்ல வேண்டும். இனி உதிரிப் பாகம் எங்கேயும் கிடைக்காது. தினமும் ஓட்டித் தேய்க்காதே. அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, தூசி படாமல் துணி போட்டு மூடி வை. கண்டக்டருக்கு வேண்டிய அன்று மட்டும் திற. இப்படிக் கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொண்டால் இன்னும் நெடுங்காலம் வரும்.

தம்பி

5 டிசம்பர் 1999

அன்புள்ள தம்பி,

நீ சொன்னபடியே செய்துவிட்டேன். பழைய திரைச்சீலையைக் கிழித்து உறை தைத்துப் போட்டிருக்கிறேன். மற்றவர்களுக்கு இங்கே புதிதாக வாங்கிய சின்னக் கணினியிலேயே வேலை நடக்கிறது. நன்றாகவே நடக்கிறது. உனக்கு வருத்தமாக இருக்கும், ஆனாலும் சொல்கிறேன். கண்டக்டருக்கு மாத்திரம்தான் பீரோ. போன மாதம் அவருக்குப் புது மூக்கு ஊற்றினேன். இனி கொஞ்ச காலத்துக்குத் தேவைப்படாது.

நீ அங்கே தனியாக உட்கார்ந்து சுவரை முறைத்துக்கொண்டிருக்க வேண்டாம். மூட்டையைக் கட்டிக்கொண்டு இங்கே வா. அத்தானும் சொல்கிறார். மாடி அறை காலியாகத்தான் கிடக்கிறது.

வேளைக்குச் சாப்பிடு. வேலை கிடக்கட்டும்.

அக்கா

12 மார்ச் 2001

அக்கா,

இதைப் படித்த உடனே எழுந்து போய்ப் பீரோவை ஆன் செய். உன் பிரிவுக்கு போன் செய்து பார்த்தேன். அடித்துக்கொண்டே இருக்கிறது, எடுப்பார் இல்லை. அதனால் விரைவுத் தபாலில் போடுகிறேன்.

நான் மானிட்டர் விற்கிற கடைக்கு, எங்கள் கம்பெனியில் மிஷினுக்கு சர்க்யூட் போர்டு செய்துகொண்டிருந்த பெரியவர் ஒருவர் இன்று வந்தார். பேச்சுவாக்கில் உன் பீரோவைப் பற்றிச் சொன்னேன். தலையில் அடித்துக்கொண்டார். மிஷினின் எண் இருக்கிற சில்லுக்குள்ளேயே பொட்டு பேட்டரி ஒன்று இருக்கிறதாம். மிஷின் ஓடும்வரை அது செலவாகாது. அணைத்து வைத்தால்தான் செலவாகும். தீர்ந்துபோனால் எண் அழிந்துவிடும். "அதனாலதான் நாங்க யாரும் அணைக்கவே மாட்டோம். இது தெரியாமலா இத்தனை வருஷம் அங்க இருந்தே?" என்றார். நான் புரோகிராம் எழுதியவன், பெட்டியைத் திறந்தே பார்த்ததில்லை அக்கா.

ஆன் செய்துவிட்டு மறுபடி அணைக்கவே அணைக்காதே.

தம்பி

13 மார்ச் 2001

அன்புள்ள தம்பி,

பிரிவைப் பின்கட்டிடத்துக்கு மாற்றிவிட்டார்கள், பீரோ மட்டும் பழைய அறையிலேயே நிற்கிறது. போன் இன்னும் வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

கண்டக்டருக்கு நோய் திரும்பிவிட்டது. இந்த முறை இடது கன்னத்தில் பாதியையும் எடுத்துவிட்டார்கள். பழைய மூக்கு அந்த முகத்தில் உட்காரவில்லை. அச்சைத்தான் நீ சொன்னபடி அவ்வப்போது உடைத்துவிடுகிறேனே, அதனால் அந்த மூக்கிலிருந்தே அச்செடுத்துப் பார்த்தேன். துவண்டுபோன ரப்பரில் என்ன வடிவம் வரும்? அசலை எடுத்துப் புதுக் கன்னத்தோடு சேர்த்து வரைந்தால்தான் உண்டு. அதனால் இன்று உறையைக் கழற்றிப் பீரோவை ஆன் செய்தேன். அவரும் மனைவியும் பக்கத்தில் நின்றார்கள்.

விசிறி ஓடியது. திரையும் வந்தது. எண் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் பூஜ்ஜியங்கள். கீழே, இந்த மிஷினுக்கு அனுமதி இல்லை என்று ஒரு வரி. எத்தனை தடவை செய்தாலும் அதே வரிதான். "என்ன மேடம், சில்லறை இல்லைங்குதா?" என்றார் கண்டக்டர். சிரிக்கப் பார்த்தேன்.

நீ சொன்ன மாதிரிதானே மூடி வைத்தேன், எங்கே தப்பு செய்தேன்? உடனே எழுது.

வேளைக்குச் சாப்பிட்டுவிட்டு வேலை பார்.

அக்கா

2 ஏப்ரல் 2001

அன்புள்ள அக்காவுக்கு,

நீ எந்தத் தப்பும் செய்யவில்லை. என் கடிதம் இதற்குள் வந்திருக்கும்.

அந்த எண்ணை மறுபடி எழுதுகிற கருவி பழுதுபார்க்கும் அறையில்தான் இருந்தது. இரும்புக்காரரிடம் போய்க் கேட்டேன். எப்போதோ உருக்கியாயிற்று என்றார். பீரோவின் டிஸ்க்கைக் கழற்றி எனக்கு அனுப்பு. சாதாரண கணினியில் வைத்து உடைத்துப் பார்க்கிறேன். நான் போட்ட பூட்டுதானே? கடையிலிருந்து வந்ததும் அதிலேயே உட்கார்ந்துவிடுகிறேன். கண்டக்டரிடம் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளச் சொல். நிச்சயமாகத் திறந்துவிடுவேன்.

தம்பி

17 பிப்ரவரி 2002

தம்பிக்கு,

டிஸ்க்கிலிருந்து நீ எடுத்து அனுப்பியது எல்லாம் வந்தது. முதலில் வந்ததில் கோடுகள். அடுத்ததில் வெறும் புள்ளிகள். போன வாரம் வந்ததைத் திறந்தால் யாருடைய காதோ பாதி தெரிந்தது. கூடவே நீ எழுதியிருந்த ஒரு வரியையும் படித்தேன். 'நான் நன்றாகத்தான் பூட்டியிருக்கிறேன் அக்கா.'

கண்டக்டரைக் காத்திருக்கச் சொல்லிச் சொல்லி எனக்கே வாய் கூசிவிட்டது. முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு வருகிறவரை பஸ்ஸில் ஏற்றமாட்டோம் என்று டிப்போவில் சொல்லிவிட்டார்கள். பின்னறையில் டிக்கெட் கட்டு பிரித்துக் கொடுக்கிறார். பேசுவதற்கு அங்கே ஆளே இல்லையாம். மறுபடியும் பஸ்ஸில் ஏறிவிட வேண்டும் என்பது ஒன்றுதான் அவருக்கு ஆசை.

அவர்கள் கல்யாணப் போட்டோ ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டு மூக்கையும் கன்னத்தையும் கையாலேயே மெழுகில் செய்தேன். நேரே எடுத்த படம். பக்கவாட்டில் மூக்கு எப்படி இருந்தது என்று அதில் எங்கே தெரியும்? என் நினைவில் இருந்ததை வைத்துக் கோணலைக் கொண்டுவந்தேன். நான் செய்ததிலேயே பாடுபட்டுச் செய்தது அதுதான். வியாழக்கிழமை மாட்டிவிட்டோம். அவர் கண்ணாடியைப் பார்க்கவில்லை, மனைவியைத்தான் பார்த்தார். அவள் பழையபடி நுனியைத் தொட்டாள். ரொம்ப நேரம் கையை எடுக்கவில்லை. "நல்லாத்தாங்க இருக்கு. ஆனா இது இவரு இல்லீங்க" என்றாள்.

அவர் கழற்றி, டிரேயில் மெதுவாக வைத்துவிட்டுத் துண்டைக் கட்டிக்கொண்டார். "விடுங்க மேடம், நீங்க என்ன செய்வீங்க? தம்பி சௌக்கியமா?" என்று கேட்டுவிட்டுப் போனார். இனி வரமாட்டார்.

பீரோவை நேற்று எடுத்துக்கொண்டு போனார்கள். மறுபடியும் கதவைக் கழற்ற வேண்டியிருந்தது. பீரோவின் டிஸ்க்கைத் திருப்பி அனுப்ப வேண்டாம். இனி எதையும் திறந்து பார்த்து எனக்கு அனுப்பாதே. கடிதமும் கொஞ்ச காலத்துக்கு வேண்டாம். உன்மேல் எனக்குக் கோபம் இல்லை என்று எழுதத்தான் காலையிலிருந்து உட்கார்ந்திருக்கிறேன். எழுத வரவில்லை.

அக்கா