மூன்றாவது தடவை

அக்டோபர் 21, சனி

இன்றிலிருந்து ஆங்கிலத் தேதி. கனடா போவதற்கு முன் கையாவது பழகட்டும்.

மொழிபெயர்ப்பு அலுவலகத்தில் காலையிலிருந்து வீட்டுப் பத்திரங்கள்தான். கனடாவுக்கு விண்ணப்பிக்கிறவர்கள் சொத்துக் காட்ட வேண்டும். எங்கள் பத்திரங்களில் எந்த வீடும் ஆறு பங்கு; ஒற்றை அறையானாலும் ஆறு. “ஆறு பங்கும் இன்னாருக்கே” என்று வரும் இடத்தில் “முழு உரிமை” என்று ஆங்கிலத்தில் எழுதுகிறேன். ஒவ்வொரு தடவையும் ஏதோ ஒன்று கீழே சிந்துகிறது.

என்ஜினியர் லாஹிஜி வந்தார். அவர் பத்திரம் போன மாதமே முடிந்துவிட்டது. டொராண்டோ வீட்டு விலையை செல்போனில் காட்டுவதற்காகவே வருகிறார்.

“பாருங்கம்மா, இன்னும் இறங்கியிருக்கு! நான் போய்ச் சேர்றதுக்குள்ள கைக்கு எட்டிரும்.”

முதலாளி ஃபூமனி தலை தூக்காமலே சொன்னார்: “அங்க வீடு ஒரு படி இறங்குது. இங்க நம்ம தோமான் காசு மூணு படி இறங்குது. உங்க கணக்குல அந்த வீடு ஏறித்தான் இருக்கு, என்ஜினியர்.”

லாஹிஜி செல்போனைப் பைக்குள் போட்டுக்கொண்டார். நாளை மறுநாள் மறுபடி வருவார். எனக்கும் உள்ளுக்குள் சந்தோஷம்தான் — வீடு இறங்கினால் அறை வாடகையும் இறங்குமே.

அக்டோபர் 27, வெள்ளி

ஹூஷங் மாமா பேசினார். அம்மாவின் தம்பி. இங்கே எங்கள் ஊர் ரஷ்த்தில் பூகோள வாத்தியாராக இருந்தவர். டொராண்டோவுக்கு வடக்கே ரிச்மண்ட் ஹில்லில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறார். பதினாறு வருஷமாக அங்கே. இரண்டு வருஷத்துக்கு முன்தான் வீடு வாங்கினார். “இந்த ஊர்ல ஆறு பங்குல அஞ்சு பேங்க்குக்கு, எனக்கு ஒண்ணே ஒண்ணு” என்பது அவருடைய நிரந்தர நகைச்சுவை.

அடுத்த செப்டம்பரில் எனக்குப் படிப்பு தொடங்கும், விசா வந்தால். நான் அறை தேடுவதை அம்மா சொன்னதும் குதித்தார்.

“என் வீடு இருக்கிறப்போ நெகின் எதுக்கு அறை தேடணும்? கீழ்த்தளம் சும்மாதான் கிடக்கு. இது உங்க வீடு அக்கா.”

“உன் கை நோகாம இருக்கணும் ஹூஷங். உங்களுக்கு எதுக்குச் சிரமம்?” என்றாள் அம்மா. கை நோகக் கூடாது என்பது எங்கள் ஊர் நன்றி.

போனை வைத்ததும் அம்மா என்னைப் பார்த்தாள். “உபசாரத்துக்குச் சொல்றான். சரின்னு சொல்லிட்டா மஹீன் முகத்தை யார் பார்க்கிறது?”

மஹீன் அத்தை, மாமாவின் மனைவி. அவள் முகத்தில் இதுவரை நான் சிடுசிடுப்பைப் பார்த்ததே இல்லை. ஆனால் முறை முறைதான். முதல் தடவை உபசாரம், இரண்டாம் தடவையும் உபசாரம். மூன்றாவது தடவை சொன்னால் யோசிக்கலாம்.

நவம்பர் 11, சனி

மாமா மறுபடி கேட்டார். அம்மா மறுபடி வேண்டாம் என்றாள். மழை.

டிசம்பர் 21, வியாழன்

வருஷத்தின் நீண்ட இரவு வரப்போகிறது. சாயங்காலம் அம்மா அந்தப் பண்டிகைக்கு மாதுளை உதிர்த்துக்கொண்டிருந்தபோது மாமா வீடியோவில் வந்தார். அங்கே அப்போதுதான் விடிகிறது. கீழ்த்தளத்தைச் சுற்றிக் காட்டினார். தனி வாசல், புதுப் பெயிண்ட், ஜன்னல் ஓரம் தொட்டியில் நாரத்தைச் செடி. அம்மா அனுப்பிய விதையில் முளைத்தது. பனிக்காலம் முழுக்க உள்ளே, கோடையில் வெளியே என்று குழந்தை மாதிரி தூக்கிச் சுமக்கிறாராம்.

“எல்லாம் இவளுக்குத்தான். வரச்சொல்லு அக்கா.”

மூன்றாவது தடவை. அம்மா கொஞ்சம் தடுமாறினாள். பிறகு: “அவளுக்கு யுனிவர்சிட்டி பக்கத்துலயே அறை கிடைச்சிருச்சு. நடந்தே போயிரலாமாம்.” அது உண்மை, போன வாரம்தான் பேசி முடித்தேன்.

மாமா சிரித்தார். செடியின் இலையைத் துடைத்தார். பிறகு கேட்டார்:

“அதைக் கேன்சல் பண்ண முடியாதா?”

அம்மா ஏதோ சொல்லிச் சமாளித்தாள். என் மனதைவிட்டு அந்த வாக்கியம் நகரமாட்டேன் என்கிறது. “வா” என்பது உபசாரம். “உன் வீடு” என்பது உபசாரம். “கேன்சல் பண்ண முடியாதா” — உபசாரத்தில் இப்படி ஒரு வாக்கியம் கிடையாது. ஏன் கேட்டார்?

ஜனவரி 24, புதன்

கனடா இனி வெளிநாட்டு மாணவர்களைக் குறைத்துக்கொள்ளுமாம். அலுவலகத் தொலைபேசி ஓயவில்லை. என்னைப் போன்ற மேற்படிப்புக்காரர்களுக்கு இது பொருந்தாது என்று சொல்லிச் சொல்லி எனக்கு நானே தைரியம் சொல்லிக்கொண்டேன்.

லாஹிஜி: “பசங்க குறைஞ்சா வாடகைக்கு ஆள் குறையும், வீடு இன்னும் இறங்கும்!” பிறகு என் முகத்தைப் பார்த்தார். “மன்னிச்சிருங்கம்மா. நாக்குல எலும்பில்ல.”

மன்னிக்க என்ன இருக்கிறது? அவருக்கு இரண்டு பெண்கள். அக்டோபரில் நானும்தானே சந்தோஷப்பட்டேன்.

பிப்ரவரி 10, சனி

குளிர்கோட்டு இங்கே வாங்குவதா அங்கே வாங்குவதா என்று கேட்க மஹீன் அத்தைக்குப் போன் செய்தேன். அவ்வளவுதான் நான் கேட்டது.

அவள் அழுதுவிட்டாள்.

கீழ்த்தளத்தில் இரண்டு மாணவர்கள் வாடகைக்கு இருந்திருக்கிறார்கள். செப்டம்பரில் காலி செய்தார்கள். அதற்குப் பிறகு ஒருவர்கூட வரவில்லை. வீட்டை வாங்கியது விலை உச்சியில் இருந்தபோது. மே மாதம் கடனைப் புதுப்பிக்க வேண்டும், வட்டி இரட்டிப்பாகிறது. வீட்டு விலை விழுந்துவிட்டதால் வேறு எந்த வங்கியும் சேர்த்துக்கொள்ளவில்லை. “இப்போ அந்த ஒரு பங்கும் நம்முடையது இல்லைங்கிறார். ஜோக்கு மாதிரிதான் சொல்றார்.”

“மாமா ஏன் எங்ககிட்ட சொல்லல?”

“எப்படிச் சொல்வார்? அக்கா பொண்ணுகிட்ட வாடகை கேட்க நாக்கு எழும்புமா? நீ வருவே, வந்தா நீயே ஏதாவது கொடுப்பேன்னு இருந்தார். நீங்க ஒவ்வொரு தடவையும் வேண்டாம்னீங்க. எங்க வீடு உங்களுக்குப் பிடிக்கலையோன்னு நெனச்சோம்.”

அம்மாவிடம் சொன்னேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கை நின்றுவிட்டது. விரல் விட்டு எண்ணினாள் — அக்டோபர், நவம்பர், செடியைக் காட்டிய அன்றைக்கு இரண்டு.

“நாலு தடவையாடி?”

ஒருவன் தண்ணீரில் இருந்து கையை நீட்டியிருக்கிறான். நாங்கள் மரியாதையாக, உங்களுக்கு எதற்குச் சிரமம் என்றிருக்கிறோம்.

பிப்ரவரி 16, வெள்ளி

நேராகப் பணம் தருகிறேன் என்றால் செத்துப்போவார். ஒரு வாரமாக யோசித்து, பொய்யை ஒத்திகை பார்த்துக்கொண்டு பேசினேன்.

“மாமா, அந்த அறை கைவிட்டுப் போச்சு. உங்களை விட்டா எனக்கு யார்? ஆனா ஒரு தொந்தரவு. விசா ஆபீசர் வாடகை ஒப்பந்தம் கேட்கிறார். மாசா மாசம் ரசீதும் வேணும்.”

“அக்கா பொண்ணுகிட்ட வாடகையா? என் தலையில மண்ணை அள்ளிப் போடுறியா?”

“ஆபீசர் கேட்கிறார் மாமா.”

“காகிதத்துல எழுதிக்கோ கண்ணு, கொடுக்காதே.”

“அது சட்டப்படி தப்பாம் மாமா. விசா ரத்தாயிரும்.”

“ஆபீசரே கேட்கிறப்போ நாம என்ன பண்ண முடியும்… சரி. ஆபீசருக்காக.”

மூன்றாவது தடவை. முறை பிசகவில்லை. நான் செய்ததிலேயே நல்ல மொழிபெயர்ப்பு இதுதான்.

ஒரே ஒரு குறை. ஒப்பந்தம் செப்டம்பரில் தொடங்குகிறது. வங்கி மே மாதம் வருகிறது.

மார்ச் 20, புதன்

எங்கள் புத்தாண்டு. மாமா கீழ்த்தளத்தில் கட்டில் போட்டுவிட்டாராம். தலையணை மெத்தென்று வேண்டுமா கெட்டியாக வேண்டுமா என்று கேட்டார். விசா இன்னும் வரவில்லை.

மே 14, செவ்வாய்

அத்தை ஒரு படம் அனுப்பினாள். வீட்டு முன் புல்வெளியில் விற்பனைப் பலகை.

ஜூன் 15, சனி

விற்றாயிற்று. வாங்கும்போது கட்டிய கைக்காசு முழுக்கப் போய்விட்டது. அடுத்த மாதம் அடுக்குமாடியில் இரண்டு படுக்கையறை வாடகை வீடு.

வாங்கியவர்கள் புதிதாக வந்த ஜோடி. எந்த நாடு என்று மாமாவுக்குச் சரியாகப் புரியவில்லை. அந்தப் பெண் மாசமாக இருக்கிறாளாம். வீட்டைச் சுற்றிப் பார்த்தவள் நாரத்தைச் செடி முன்னால் நின்று, என்ன அழகு என்றிருக்கிறாள்.

“என்னால வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருக்க முடியுமா? எடுத்துக்கோங்க, உங்களோடதுதான்னேன். தேங்க்ஸ்னு சொல்லித் தொட்டியைத் தூக்கி கார்ல வச்சுட்டாங்க! ஒரே ஒரு தடவைதான் சொன்னேன், நெகின்! ஒரே தடவை!”

மாமா கண்ணில் நீர் வரச் சிரித்தார். அம்மாவும் சிரித்தாள். நானும்.

அந்தப் பெண்மேல் கோபப்பட்டுப் பார்த்தேன். வரவில்லை. விலை இறங்கட்டும் இறங்கட்டும் என்று அவளும் எங்கேயோ ஓர் அறையில் உட்கார்ந்து காத்திருந்திருப்பாள். கொடுத்ததை வாங்கிக்கொண்டாள். எங்களுக்குத்தான் அது தெரியவில்லை.

“அந்த ஒப்பந்தத்தைக் கிழிச்சிரு கண்ணு” என்றார் மாமா கடைசியில். “கீழ்த்தளமே இல்லையே.”

கிழிக்கவில்லை.

ஜூலை 9, செவ்வாய்

விசா வந்துவிட்டது! அம்மா அழுதாள், பிறகு மீன் வாங்கப் போனாள்.

லாஹிஜிக்கு மறுத்துவிட்டார்கள். எனக்கு வாழ்த்துச் சொல்ல ஒரு பெட்டி கொலூசே இனிப்பு வாங்கி வந்தார், இன்னும் சூடாக. செல்போனை வெளியே எடுக்கவே இல்லை. ஃபூமனி எழுந்து போய் அவருக்குத் தன் கையால் தேநீர் ஊற்றிக் கொடுத்தார்.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

ரிச்மண்ட் ஹில். ஏழாவது மாடி. மாமா இளைத்திருக்கிறார்.

ஒரு சின்ன அறைக் கதவைத் திறந்தார். கீழ்த்தளத்தில் எனக்காகப் போட்ட அதே கட்டில். கெட்டித் தலையணை.

“இது உன் வீடு” என்றார். பிறகு தானே சிரித்தார். “அதாவது எவனோ ஒருத்தனோடது. ஆனாலும் உன்னோடது.”

ஐயோ உங்களுக்கு எதுக்குச் சிரமம் என்று சொல்ல வாய் திறந்தேன். பழக்கம். பின்னால் அத்தை மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பது தெரிந்தது. வாயை மூடிக்கொண்டு உள்ளே போய்ப் பெட்டியைக் கட்டில்மேல் வைத்தேன்.

செப்டம்பர் 1, ஞாயிறு

காலையில் மாமாவின் தேநீர்த் தட்டுக்குப் பக்கத்தில் வாடகை உறையை வைத்தேன். பழைய ஒப்பந்தத்தில் முகவரியை மட்டும் அடித்துத் திருத்தி அதன் கீழே வைத்தேன். அவர் தள்ளிவிட்டால் சொல்ல ஒரு வாக்கியம், மறுபடி தள்ளினால் இன்னொன்று, மூன்றாவதாக அந்த விசா ஆபீசர் — எல்லாம் தயாராக இருந்தது.

மாமா உறையைப் பார்த்தார். சர்க்கரைக் கட்டியைப் பல்லிடுக்கில் வைத்துத் தேநீரை ஒரு வாய் உறிஞ்சினார். உறையை எடுத்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

“உன் கை நோகாம இருக்கணும்” என்றார்.

முதல் தடவையே.