நாற்பதாம் நம்பர்

என்னங்க, மத்தியானத் தூக்கத்துக்குள் வந்து ஹவுஸி ஆட்டத்து நம்பர் கூப்பிட்டுவிட்டுப் போகிற என் அன்பு மனுஷரே,

லிங்கராஜபுரத்தில் இப்போது தூறல். ஜன்னலோரம் சாய்ந்தால் போதும், கண் செருகும், உடனே உங்கள் குரல் வந்துவிடும். "எட்டு, லட்டு மேல லட்டு! பதினொண்ணு, ரெண்டு கொக்கு! நாப்பது, நாய்க் குணம்!" மல்லித்தழை வாங்கிவரச் சொன்னால் மறந்துவிட்டு வருகிற ஆள், கனவில் மட்டும் ஒரு நம்பரையும் விட்டதில்லை. அங்கேயும் கூப்பிடுகிறீர்களா?

நம் டேனியலைப் பற்றிச் சொல்லத்தான் எழுதுகிறேன். நீங்கள் போன மறு வருடம், காலேஜுக்குப் போய்க்கொண்டிருந்த பிள்ளை, மாடியில் இருப்பவர்கள் தன்னைப் பற்றியே பேசுகிறார்கள் என்றான். மாடியில் அப்போது யாருமே குடியில்லை. எனக்கு உயிரே போய்விட்டது. ஜெபம் பண்ணச் சொன்னார்கள், பண்ணினேன். அதோடு ஆஸ்பத்திரிக்கும் கூட்டிக்கொண்டு ஓடினேன். நோயின் ஆரம்பத்திலேயே வந்தது நல்லது என்றார்கள்.

மாத்திரையில் அந்தக் குரல்கள் அடங்கின. ஆனால் பிள்ளை முழுசாகத் திரும்பி வரவில்லை. காலேஜும் நின்றுபோனது. "டீயை இறக்கிட்டு கேஸை மூடு" என்றால் டீயை இறக்கி வைப்பான், கேஸ் அதுபாட்டுக்கு எரியும். ஒரு பக்கம் படித்து முடிப்பதற்குள் மேல் பாதி மறந்துபோய்விடும். சோம்பேறி என்றவர்களை நான் சும்மா விடவில்லை, என் வாய்தான் உங்களுக்குத் தெரியுமே. ஒரு நாள் அவனே சொன்னான். "அம்மா, எல்லாம் கேக்குது. ஆனா நிக்க மாட்டேங்குது." அன்று முழுக்க அழுதேன்.

ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுக்கிற ரம்யா கன்னடப் பெண். இந்த நோயில் கவனமும் ஞாபகமும் சோர்ந்துபோகும், பழகப் பழகத் தேறும் என்றாள். தடுமாறினால் பதறாமல் நின்று, எங்கே விட்டோம் என்று பார்த்து, மறுபடி தொடங்க வேண்டுமாம். வீட்டில் எதை வைத்துப் பழகலாம் என்று கேட்டாள். சபைப் பண்டிகைகளில் நீங்கள் நம்பர் கூப்பிட்ட ஹவுஸிப் பையை அவன் சொன்னான்.

அதிலிருந்து சாயங்காலம் என்றால் ஹவுஸிதான். நான் பையிலிருந்து ஒரு காயை எடுத்து நம்பர் கூப்பிடுவேன், அவன் தன் சீட்டில் அந்த நம்பரை அடிப்பான். ஒன்றை விட்டால் போதும், என் கை தானாக அவன் சீட்டுக்குப் போய்விடும். ஒருமுறை ரம்யா முன்னாலேயே நானே நம்பரை அடித்துவிட்டேன். "ஸ்வல்பம் பொறுங்க ஆண்ட்டி! நீங்களே அடிச்சா அவனுக்கு எப்படி வரும்?" என்று சத்தம் போட்டாள். மெல்ல மெல்ல அவன் கூப்பிட ஆரம்பித்தான், நான் அடித்தேன்.

போன வாரம் சபையில் அறுப்பின் பண்டிகை. காணிக்கைப் பொருள்களின் ஏலம் முடிந்ததும் ஹவுஸி. "அப்பா இடத்துல நான் கூப்பிடறேன்மா. இது என்னால முடிஞ்சா மறுபடி காலேஜுக்குப் போறேன்," என்றான். முடியாமல் போனால்?

நானும் ஒரு சீட்டு வாங்கி உட்கார்ந்தேன். நன்றாகத்தான் போனது. பாதியில் மைக் கிறீச்சிட்டது. கையில் எடுத்த காயோடு அப்படியே நின்றுவிட்டான். பின்னாலிருந்து யாரோ, "ஜல்தி கூப்பிடுப்பா!" என்றார்கள். என் கால் எழுந்துவிட்டது. அதட்டி உட்கார வைத்தேன், கைகளை மடிக்குள் இறுக்கிக்கொண்டேன்.

"ஒரு நிமிஷம். எங்க விட்டேன்னு பாத்துக்கறேன்," என்றான் மைக்கிலேயே. பலகையில் வைத்திருந்த நம்பர்களை விரலால் தடவிப் பார்த்தான். பிறகு கையிலிருந்த காயைப் பார்த்தான்.

"நாப்பது. நாய்க் குணம். எங்கம்மா அந்த வயசத் தாண்டிட்டாங்க, குணம் மட்டும் தாண்டல!"

ஹாலே சிரித்தது. உங்கள் பிள்ளை, வேறென்ன சொல்ல? நானும் சிரித்தேன், கண்ணீர் நிற்கவில்லை. கடைசி நம்பர் வரைக்கும் அவனே கூப்பிட்டான். சீட்டு முழுக்க அடித்தவருக்கான ஃபுல் ஹவுஸ் பரிசு யாருக்கோ விழுந்தது.

வீட்டுக்கு வந்து என் சீட்டை எடுத்துப் பார்த்தவன் தலையில் கை வைத்துக்கொண்டான். "அம்மா! உனக்கு நாப்பது ஒண்ணுதான் பாக்கி இருந்துச்சு. நான் கூப்பிட்டேனே, கேக்கலையா?"

"கேட்டுதுடா," என்றேன். "நிக்கல."

திங்கட்கிழமை காலேஜுக்குப் போகிறான். சிவாஜிநகரில் பஸ் மாற வேண்டும். தடுமாறினால் நின்று, பார்த்து, ஏறிக்கொள்வான். நான் பின்னாலேயே ஆட்டோ பிடித்துப் போகமாட்டேன், இது உங்கள்மேல் சத்தியம். கேட் வரைக்கும்தான் வருவேன்.

நாற்பதைத் தாண்டியும் குணம் மாறாத,
உங்கள் வீட்டுக்காரி,
டேனியலின் அம்மா,
ஸ்டெல்லா